எடைத்தட்டில் கிடப்பது குழந்தை மட்டுமா?

பிறந்த குழந்தையை இவ்வுலகம் முதலில் வரவேற்பது ஓர் எடைத்தட்டில்தான். தாயின் மார்பில் சற்று நேரம் கிடத்திய பின், செவிலியர் அதனைத் தட்டில் வைத்து எடையைக் குறித்துக்கொள்கிறார். 2,500 கிராமுக்குக் குறைந்தால் ‘எடை குறைந்த குழந்தை’ என்று ஏட்டில் பதிவாகிறது. வெளியே காத்திருக்கும் உறவினரின் செவிக்கு அந்த எண் எட்டியதும் விசாரணை தொடங்கிவிடுகிறது. “மாசமா இருந்தப்ப ஒழுங்காச் சாப்பிட்டாளா?”, “குடுத்த சத்து மாத்திரையை விழுங்கினாளா, தூக்கி எறிஞ்சாளா?” என்று கேள்விகள் எழுகின்றன. அவை அனைத்தும் கடந்த ஒன்பது மாதங்களைப் பற்றியவை. அனைத்தும் ஒருத்தியை நோக்கியவை. அவளோ அந்நேரத்தில் பதில் சொல்லும் வலுவின்றிச் சோர்ந்து கிடக்கிறாள்.

கடந்த சில பத்தாண்டுகளாக மருத்துவ ஆய்வாளர்கள் இந்த விசாரணையை வேறு திசைக்குத் திருப்பியுள்ளனர். ஒன்பது மாதங்களையும் தாண்டிப் பின்னோக்கிச் சென்று, இந்தத் தாய் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அவர்கள் கேட்கின்றனர். அவள் அடிபட்டாளா, பசித்திருந்தாளா, அஞ்சி நடுங்கினாளா, அவளைக் காப்பதற்கு ஒருவரேனும் இருந்தாரா? இவற்றுக்கான விடைகளுக்கும் இன்று தட்டில் கிடக்கும் சிசுவின் எடைக்கும் தொடர்பு உண்டு என்பதே அவர்கள் கண்டறிந்தது.

இந்த ஆய்வுகளுள் சிலவற்றை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பது போலவே வாசித்துப் பார்க்க விழைகிறோம். மருத்துவக் கட்டுரையும் ஓர் எழுத்துதான். அதற்கும் ஒரு பார்வைக் கோணம் உண்டு. அது சொல்வது போலவே சொல்லாமல் விடுவதும் உண்டு. அதனைத் தவறாக வாசித்தால் நேரும் கேடு சிறிதன்று. ஒன்பது மாதங்களுக்குக் கணக்குக் கேட்கப்பட்ட பெண்ணிடம் இனி முப்பது ஆண்டுகளுக்கும் கணக்குக் கேட்கப்படும். சிறுமியாக அவள் பட்ட துன்பமே தாயான பின் அவள்மீது சுமத்தப்படும் குற்றமாகிவிடும்.

பத்து வினாக்கள்

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்னும் மருத்துவர் 1980களில் உடற்பருமனுக்கான சிகிச்சை மையம் ஒன்றை நடத்திவந்தார். அங்கு அவர் கண்ட ஒன்று அவரை வியப்பில் ஆழ்த்தியது. சிகிச்சையில் தோல்வியுற்றவர்கள் விலகிச் செல்வது இயல்பு. இங்கோ எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களுள் பலர் பாதியிலேயே நின்றுவிட்டனர். காரணம் தேடி அவர்களிடம் உரையாடியபோது, பலருடைய குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறை நிகழ்ந்திருந்தது தெரியவந்தது. பருத்த உடல் அவர்களுள் சிலருக்கு ஒரு கவசமாகவே இருந்திருக்கிறது.

பின்னர் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டா இவருடன் இணைந்தார். 1995 முதல் 1997 வரை இரு கட்டங்களாக 17,000க்கும் மேற்பட்டோரிடம் அவர்களது குழந்தைப் பருவம் பற்றிக் கேட்கப்பட்டது. 1998-இல் முதற்கட்டுரை வெளிவந்தது. அதில் ஏழு வகைத் துன்பங்கள் இடம்பெற்றிருந்தன. பின்னர் அவை பத்தாயின. உடலால், சொல்லால், பாலியலால் இழைக்கப்பட்ட வன்முறை மூன்று. உடல் தேவைகளையும் அன்பையும் புறக்கணித்தல் இரண்டு. வீட்டில் தாய் தாக்கப்படுதல், குடி அல்லது போதை, மனநோய், சிறைவாசம், பெற்றோரின் பிரிவு என்பன ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ என்றால் ஒரு மதிப்பெண். நான்கும் அதற்கு மேலும் பெற்றவர்களிடம் குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியன பன்மடங்கு மிகுந்திருந்தன.

இதே வினாப்பட்டியலைக் கருவுற்ற பெண்களிடம் கொண்டுசென்ற ஆய்வுகள் பின்னர் வந்தன. அமெரிக்காவில் 2,300க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. தாயின் குழந்தைப் பருவத் துன்பத்தில் ஒவ்வொரு மதிப்பெண் கூடும்போதும், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 16 கிராம் குறைவதாகவும், கருக்காலம் அரை நாளுக்கும் சற்றுக் குறைவான அளவு சுருங்குவதாகவும் அது கூறியது. எடைக் குறைவின் ஒரு பகுதிக்குக் கருவுற்ற காலத்தில் புகைபிடித்தல் இடைக்காரணமாக இருந்தது.

பதினாறு கிராம் என்பது மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. ஒரு தனிக் குழந்தையைக் கையிலெடுத்து, இதன் எடை குறைந்தது தாயின் இளமைத் துன்பத்தால்தான் என்று எவராலும் சொல்ல இயலாது. பல்லாயிரம் பிறப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது மட்டுமே இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுகிறது. ஆயினும் அது புறந்தள்ளத்தக்கதன்று. எடைக்கோட்டின் விளிம்பில் பிறக்கும் குழந்தைகளுக்கு, அதிலும் பல துன்பங்கள் ஒருங்கே சேர்ந்த தாயின் குழந்தைகளுக்கு, சிறு குறைவும் பொருட்படுத்த வேண்டியதே.

சிறுமியின் உடலில் தொடங்கும் கதை

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய துன்பம் இன்று பிறக்கும் குழந்தையை எவ்வாறு எட்டுகிறது? இதற்கு ஒரே வழி இல்லை. பல வழிகள் உள்ளன. அவற்றுள் மிக எளியது உடல்வளர்ச்சி. சிறு வயதில் போதிய உணவு கிட்டாத பெண்ணின் உயரம் குறைகிறது. இடுப்பெலும்பு முழுமையாக விரிவதில்லை. உயரம் குறைந்த தாய்மாருக்குச் சிறிய குழந்தைகள் பிறப்பதும், பிரசவம் கடினமாவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தவை. இதனோடு இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இவர்களுள் பெரும்பாலோர் இன்னும் தாயாகவில்லை. தாயாகும்போது அவர்கள் இந்தக் குறையுடனேயே கருவைச் சுமக்கத் தொடங்குவர்.

இரண்டாவது வழி அச்சத்தின் வழி. ஆபத்து வரும்போது உடலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுகிறது. ஆபத்து நீங்கியதும் குறைகிறது. நாள்தோறும் அஞ்சி வளர்ந்த பிள்ளையின் உடலில் இந்த ஏற்ற இறக்கம் ஒழுங்கு தவறிப்போகக்கூடும். கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தத்திலுள்ள கார்ட்டிசாலின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்து, சிசுவைக் காக்கிறது. ஆனால் இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு.

மூன்றாவது வழி வாழ்க்கையின் வழி. துன்பத்தில் வளர்ந்தவள் படிப்பை இடையில் நிறுத்துகிறாள், இளவயதில் மணமுடிக்கப்படுகிறாள், அடிக்கின்ற கணவனிடம் சிக்கிக்கொள்கிறாள், மனச்சோர்வுக்கு ஆளாகிறாள். சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண், மருத்துவரின் உடற்பரிசோதனைக்கே அஞ்சி, கருக்காலக் கவனிப்பைத் தவிர்த்துவிடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்போர் அதனைப் பொறுப்பின்மை என்று எண்ணிவிடுகின்றனர்.

துன்பம் மரபணுவிலேயே எழுதப்பட்டுத் தலைமுறைகளுக்குக் கடத்தப்படுகிறது என்று இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. மரபணுவின் எழுத்து மாறாமலேயே அதன் செயற்பாடு சூழலால் மாறுவது உண்மையே. விலங்குகளில் செய்த சோதனைகளில் அம்மாற்றம் சந்ததிக்குச் செல்வதும் காணப்பட்டுள்ளது. மனிதரிடத்தில் அது அவ்வாறே நிகழ்கிறது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் கிட்டவில்லை. ஆகவே இதைப் பேசுகையில் நாம் நிதானம் காக்க வேண்டும். ‘தலைமுறைச் சாபம்’ என்ற பழைய சொல்லுக்கு அறிவியல் முலாம் பூசி மீண்டும் புழக்கத்தில் விடுவதாக அது முடிந்துவிடலாகாது. பசியும் அடியும் இளமண்ணமும் ஒரு பெண்ணின் உடலையும் வாழ்வையும் குலைப்பதை விளக்க மேற்சொன்ன மூன்று வழிகளே போதுமானவை.

கேட்கப்படாத வினாக்கள்

இப்போது அந்தப் பத்து வினாக்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போம். ஒன்று விளங்கும். பத்தும் வீட்டுக்கு உள்ளேயே நிற்கின்றன. அடித்தவர் யார், குடித்தவர் யார், பிரிந்தவர் யார் என்று கேட்கும் பட்டியல் வாசற்படியைத் தாண்டி வெளியே வரவில்லை. அப்பா ஏன் வேலை இழந்தார், ஊருக்குள் அந்தக் குடும்பத்துக்குக் குடிநீர் ஏன் மறுக்கப்பட்டது, போரில் எரிந்த வீடு எது, ஏழு வயதில் தீப்பெட்டி ஒட்டியவள் யார் என்பனவற்றுக்கு அதில் இடமில்லை. உணவு போதாமை பற்றி ஒரு வரி வருகிறது. ஆனால் அதுவும் புறக்கணிப்பு என்னும் தலைப்பின் கீழ், பெற்றோரின் குறையைப் போல வருகிறது. கூலி கிடைக்காத நாளில் பிள்ளைக்குச் சோறிட முடியாமல் தானும் பட்டினி கிடந்த தாய், இந்தப் பட்டியலில் பிள்ளையைப் புறக்கணித்தவளாகப் பதிவாகிவிடக்கூடும்.

இதற்குக் காரணமும் உண்டு. முதல் ஆய்வில் பங்கேற்றோருள் பெரும்பாலோர் வெள்ளையர்; கல்லூரிப் படிப்பை எட்டிப்பார்த்தவர்கள்; மருத்துவக் காப்பீடு பெற்றவர்கள். வசதியுள்ள வீடுகளுக்குள்ளும் இத்தனைத் துன்பம் மறைந்து கிடக்கிறது என்று காட்டியதே அவ்வாய்வின் பெரும் சாதனை. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வசதியுள்ளோரின் துன்பத்தை அளக்கப் பிறந்த கோலை எடுத்துக்கொண்டு வறியோரின் வாழ்வை அளக்கும்போது, வறுமையையே அது காணாமல் விட்டுவிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் பின்னர் உருவாக்கிய விரிவான பட்டியலில், சக பிள்ளைகளின் கொடுமை, தெருவில் நிகழும் வன்முறை, போர் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. முதற்பட்டியலின் போதாமையை இதுவே உணர்த்துகிறது.

இன்னொரு குறையை ஆய்வாளர்களுள் ஒருவரே எடுத்துரைத்தார். ராபர்ட் ஆண்டா, வேறு இருவருடன் சேர்ந்து 2020-இல் எழுதிய கட்டுரையில், இந்த மதிப்பெண் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ளவே உருவானது என்றும், தனியொருவரின் எதிர்காலத்தைக் கணிக்க அதனைப் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரித்தார். ஒரே ஒருமுறை நேர்ந்ததும் பத்தாண்டுகள் தொடர்ந்ததும் அந்தக் கணக்கில் ஒரே மதிப்பெண்தான். தம் கருவியின் எல்லையைத் தாமே சொல்ல முன்வந்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆனால் கருவி அதற்குள் பல மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவிவிட்டிருந்தது.

எண்ணுதலும் செவிமடுத்தலும்

வினாப்பட்டியல் எழுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னரே, 1975-இல், இதே பொருளைப் பற்றிய ஒரு கட்டுரை வந்தது. செல்மா ஃப்ரைபர்க் என்னும் அமெரிக்க அம்மையார் தம் துணைவர்களுடன் எழுதியது அது. ‘தொட்டிலறையின் பேய்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். தாயின் மறக்கப்பட்ட கடந்தகாலம், அழையா விருந்தாளியாக வந்து அவளது குழந்தையின் தொட்டிலருகே நிற்கிறது என்பதே அத்தலைப்பின் உட்பொருள்.

அதில் வரும் ஒரு தாய் கைவிடப்பட்ட சிறுமியாக வளர்ந்தவர். அவரது மடியில் ஐந்தரை மாதக் குழந்தை அலறுகிறது; அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அழுகை அவர் செவியில் விழவே இல்லை போலும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. குழந்தையைத் தூக்கும் முறையைக் கற்றுத்தரவும் முற்படவில்லை. இந்தத் தாய்க்கு ஏன் அழுகை கேட்கவில்லை என்று தமக்குள் கேட்டுக்கொண்டனர். அவருடைய வீட்டுக்கே சென்று, அவர் தம் இளமைக் காலத்தைச் சொல்லச் சொல்லப் பொறுமையுடன் கேட்டனர். சிறுமியாகத் தாம் அழுதபோது எவரும் வரவில்லை என்பதை அவர் கண்ணீரோடு சொல்லி முடித்த பின்னரே, தம் பிள்ளையை வாரி அணைத்துத் தேற்றத் தொடங்கினார்.

ஃப்ரைபர்க் வந்தடைந்த முடிவு இன்றும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. துன்பத்தில் வளர்ந்த பெற்றோர் அனைவரும் அத்துன்பத்தைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. நிகழ்ந்ததை மட்டுமன்றி, அப்போது பட்ட வேதனையையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அதனைத் தம் பிள்ளைக்கு நேரவிடாமல் காக்கின்றனர். வேதனையை உள்ளே புதைத்துவிட்டவர்களிடத்தில்தான் அது மீண்டும் தலையெடுக்கிறது.

இந்தக் கட்டுரையையும் பத்து வினாக்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், வினாப்பட்டியலுக்கு இல்லாத ஒன்று கட்டுரைக்கு இருப்பதைக் காண்கிறோம். பட்டியல் காயங்களை எண்ணுகிறது. கட்டுரை காயம்பட்டவரின் அருகில் அமர்கிறது. எண்ணிக்கை ஆட்சியாளருக்குத் தேவை. நிதி ஒதுக்கவும் திட்டம் தீட்டவும் அது உதவும். பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு அதனால் மட்டும் ஆறுதல் கிட்டாது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரு ஃப்ரைபர்க் இருக்க முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரது முறை ஒரு தாய்க்குப் பல மாதங்களைக் கோருவது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டியவை.

ஃப்ரைபர்க்கின் கட்டுரைக்கு மறுமொழி போல, 2005-இல் அலிசியா லீபர்மன் முதலியோர் எழுதிய கட்டுரை ‘தொட்டிலறையின் வானதூதர்கள்’ என்ற பொருள்பட அமைந்தது. கொடிய இளமையிலும் எங்கோ ஓர் அத்தை, ஒரு பாட்டி, ஒரு கணம் கிடைத்த தூய அன்பு, இவையும் தலைமுறை கடந்து வருகின்றன என்பது அதன் கருத்து. 2018-இல் வெளியான ஒரு ஆய்வு, கருவுற்ற ஏழைப் பெண்களிடம் வேறு பத்து வினாக்களைக் கேட்டது. உன்னிடம் அக்கறை காட்டிய ஆசிரியர் ஒருவராவது இருந்தாரா, நல்ல நண்பர் இருந்தாரா, அண்டை வீட்டார் நல்லவர்களா, வேளைக்கு உணவும் உறக்கமும் வீட்டில் இருந்தனவா என்பன அவற்றுட் சில. இவற்றுக்கு ‘ஆம்’ என்ற விடைகள் மிகுந்தவர்களிடம், கருவுற்ற காலத்தில் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்திருந்தன. முதற்பட்டியல் வாசற்படியில் நின்றது என்றோம். இப்பட்டியல் பள்ளிக்கும் பக்கத்து வீட்டுக்கும் செல்கிறது. ஒரு சிறுமியின் வாழ்வில் நமக்கும் பங்குண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

தந்தையர் எங்கே?

இத்துறையின் எழுத்துகளில் நம்மை உறுத்தும் இன்னொன்று, தந்தையரின் மறைவு. தாயின் இளமை, தாயின் பழக்கம், தாயின் மனநிலை என்று கட்டுரைகள் குவிகின்றன. கரு தாயின் வயிற்றில் வளர்வதால் இது ஓரளவு இயல்பே. ஆயினும் கேட்கப்படாத இடத்தில் விடையும் கிடைக்காது. வேலூரில் இரு தலைமுறைகளின் பிறப்பெடைகளை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, தாயின் பிறப்பெடைக்கும் குழந்தையின் எடைக்கும் தொடர்பு இருப்பதைப் போலவே, தந்தையின் பிறப்பெடைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. மேலும், கருவுற்ற பெண்ணை அடிப்பவன் யார்? அவள் அருகில் புகைப்பவன் யார்? அவளது உணவுக்கான காசைக் குடித்துத் தீர்ப்பவன் யார்? அவனுடைய இளமையைப் பற்றியும் எவரேனும் கேட்க வேண்டாமா?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, அந்நிலைக்கு அவரது பாவம் காரணமா, பெற்றோரின் பாவம் காரணமா என்று சீடர்கள் வினவியதை யோவான் நற்செய்தி கூறுகிறது. இயேசு அவ்விரண்டையுமே மறுத்தார். பின்னர் அம்மனிதரின் கண்களில் சேறு பூசினார். குறையுடன் பிறந்த குழந்தையைக் கண்டதும் பழி சுமத்தத் தக்க ஆளைத் தேடும் மனம் மிகப் பழமையானது. மருத்துவ ஆய்வு அந்த மனத்துக்குப் புதிய தீனியாகிவிடக் கூடாது. தாயின் இளமைத் துன்பத்துக்கும் சிசுவின் நலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற செய்தியை நேராகப் படிக்கும் எவருக்கும், பழி அந்தப் பெண்ணிடமிருந்து விலகுவது தெரியும். ஏழு வயதில் அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவளை அடித்தவர்களும், பட்டினி போட்ட அமைப்பும், பார்த்தும் பாராமல் சென்ற ஊரும்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஒரு குவளைக் கஞ்சி

பழி யாருடையது என்பதைவிடப் பெரிய வினா, சீர்செய்ய முடியுமா என்பது. இதற்கு மிகத் தெளிவான விடை நடு அமெரிக்காவிலிருந்து வருகிறது.

குவாத்தமாலா நாட்டின் கிழக்குப் பகுதியில் நான்கு சிற்றூர்களில், 1969 முதல் 1977 வரை ஒரு சோதனை நடைபெற்றது. நடு அமெரிக்க, பனாமா ஊட்டச்சத்து நிறுவனம் அதனை நடத்தியது. இரண்டு ஊர்களில் ‘அத்தோலே’ என்னும் கஞ்சி நாள்தோறும் இருவேளை வழங்கப்பட்டது. தானியமும் புரதமும் கலந்த மாவு, ஆடை நீக்கிய பால்பொடி, சர்க்கரை ஆகியன சேர்ந்தது அது. மற்ற இரண்டு ஊர்களில் ‘ஃப்ரெஸ்கோ’ என்னும் இனிப்புப் பானம் வழங்கப்பட்டது. அதில் புரதம் இல்லை. நான்கு ஊர்களுக்கும் இலவச மருத்துவ உதவி கிடைத்தது. ஊரின் நடுவே ஓரிடத்துக்கு வந்து, விரும்பியவர் விரும்பிய அளவு பருகலாம்.

சோதனை முடிந்தது. சிறுமிகள் வளர்ந்தனர், மணந்தனர், தாயாயினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிச் சென்று, சுமார் 400 தாய்மாரின் பிள்ளைகளை அளந்தனர். 2009-இல் வெளியான முடிவு இது: சிறுமியாகக் கஞ்சி பருகிய பெண்களின் குழந்தைகள், இனிப்புப் பானம் பருகியவர்களின் குழந்தைகளைவிடப் பிறக்கும்போது சராசரியாக 116 கிராம் கூடுதல் எடையுடன் இருந்தனர், வளர்ந்துவரும்போது 1.3 சென்டிமீட்டர் கூடுதல் உயரமும் பெற்றிருந்தனர். அக்குழந்தைகள் அந்தக் கஞ்சியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

வேறு வேறு ஆய்வுகளின் எண்களைக் கூட்டிக் கழிப்பது முறையாகாது என்பதை அறிவோம். ஆயினும் இந்த 116 கிராமை நாம் மறக்கவியலாது. துன்பம் தலைமுறை கடந்து வருவது போலவே நல்ல உணவும் தலைமுறை கடந்து வருகிறது என்பதற்கு அது சான்று. கருவுற்ற பின் கொடுக்கும் மாத்திரையும் சத்துமாவும் தேவையானவையே. ஆனால் அந்தக் குழந்தைக்கான பணி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதன் தாய் சத்துணவுத் தட்டை ஏந்தி வரிசையில் நின்ற நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

தட்டு என்றதும் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் விரிவுபெற்ற சத்துணவும், பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கவே தோன்றியவை. இத்தகைய திட்டம் பின்னர் இந்தியா முழுவதும் பரவியது. அவ்வுணவை உண்டு வளர்ந்த சிறுமிகள் தாயான பின் அவர்களுடைய பிள்ளைகளின் நிலை என்ன என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2021-இல் வெளிவந்தது. பள்ளி உணவு பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தனர். வறிய குடும்பங்களில் இந்த மேம்பாடு கூடுதலாகக் காணப்பட்டது. உணவு மட்டுமன்றி, உணவுக்காகப் பள்ளியில் தங்கியதால் கிடைத்த கல்வி, தள்ளிப்போன தாய்மை, கருக்காலக் கவனிப்பை நாடும் தெளிவு ஆகியவையும் இதற்கு வழியமைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சத்துணவு ஆயா கரண்டியால் அள்ளி வைத்த சோறு, இன்று பிறந்த பேரக்குழந்தையின் எலும்பில் இருக்கக்கூடும். இத்திட்டங்களை ‘இலவசம்’ என்று ஏளனம் செய்வோரிடம் நாம் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது.

நாம் செய்யக்கூடியவை

இந்த எழுத்துகளையெல்லாம் வாசித்து முடிக்கையில் ஒரு முடிவுக்கு வருகிறோம். தாயின் இளமைத் துன்பம் பற்றிய ஆய்வுகளைப் பிரசவ அறையில் வைத்து வாசிப்பது தவறு. அவற்றை வாசிக்க வேண்டிய இடம் சிறுமிகள் வாழும் இடம்: வீட்டுச் சமையலறை, பள்ளி, தெரு, ஊராட்சி மன்றம். அண்ணனுக்கு முட்டையும் தங்கைக்குக் குழம்பும் ஊற்றும் வீட்டில், அந்தத் தங்கையின் குழந்தை எதிர்காலத்தில் எடை குறைந்து பிறப்பதற்கான தொடக்கம் நிகழ்ந்துகொண்டிருக்கலாம். பதினாறு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி மணமேடையில் அமர்த்தும்போதும் அவ்வாறே. பக்கத்து வீட்டில் ஒரு சிறுமி அடிபடும் ஓசையைக் கேட்டும் கேளாதவர் போல் நாம் கதவைச் சாத்திக்கொள்ளும்போதும் அவ்வாறே.

ஏற்கெனவே காயம்பட்டுத் தாயாகிவிட்டவர்களுக்கு நாம் தரக்கூடியது செவி. கருக்காலப் பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் எடையும் இரத்த அழுத்தமும் பார்த்த பின், “வீட்டில் எப்படியம்மா இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருக்கும் செவிலியர் ஒருவர் பெரும் பணி செய்கிறார். அவ்வாறு காத்திருக்க அவருக்கு நேரம் தருவது அரசின் கடமை. அடிக்கும் கணவனிடமிருந்து அவளுக்குப் புகலிடம் தருவது உறவினரின், ஊராரின் கடமை.

பிள்ளை பெற்றவளைப் பார்க்க நாம் பழத்துடனும் சோப்புப் பெட்டியுடனும் செல்கிறோம். தொட்டிலை எட்டிப் பார்த்ததும், “என்ன, புள்ள இவ்வளவு பொடிசா இருக்கு?” என்று கேட்பது நம்மிடையே வழக்கம். அடுத்த முறை அதனைக் கேளாமல் விடுவோம். தொட்டிலிலிருந்து கண்ணைத் திருப்பி, கட்டிலில் கிடக்கும் தாயைப் பார்த்து, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று முதலில் கேட்போம்.